“விழுந்தேன்னு எழுதாதீங்க, மிஸ்”

“விழுந்தேன்னு எழுதாதீங்க, மிஸ். நான் விழவெல்லாம் இல்ல.”

அந்தப் பெண் இப்படிச் சொன்னபோது மேசைமேல் அவளுடைய கடிதத்தின் மூன்றாவது படி கிடந்தது. லால்குடிப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமாகிப் பதினான்கு மாதம். மாப்பிள்ளை மெல்போர்னில் ஏ.சி. மெக்கானிக். தாலி கட்டி இருபத்து மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டார். ஆஸ்திரேலியாவின் பார்ட்னர் விசாவுக்கு மனுப்போடுகிறவர்கள் தங்கள் உறவைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் எங்கே, எப்போது பார்த்துக்கொண்டீர்கள், உறவு எப்படி வளர்ந்தது, வரவு செலவு எப்படி, வீட்டுப் பொறுப்பை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள், உற்றார் உறவினர் உங்களைத் தம்பதியாக அறிவார்களா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். நடுவில் ‘வி ஃபெல் இன் லவ்’ என்று ஒரு வரி. வாசித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன். அங்கேதான் தடுத்தாள்.

திருச்சி தில்லைநகரில் ஒரு மாடி அறையில் 1996-லிருந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். பாங்க்கில் பேசுவது, ரயில்வே ஸ்டேஷனில் கேட்பது, இன்டர்வியூவில் பதில் சொல்வது எல்லாம் ஆறு வாரத்தில் ஓரளவு பிடிபட்டுவிடும். மனசில் இருப்பதைச் சொல்ல வரும்போதுதான் ஆட்டம் காணும். எடுத்த சொல் சரியாக இருக்கும், அதன் பக்கத்தில் வந்து நிற்கும் சொல் தப்பாக இருக்கும். ‘ஐ வெரி லவ் ஹிம்’ என்பார்கள். ‘ஐ லவ் வித் ஹர்’ என்பார்கள். ‘லவ்’ தெரியாதவர் நம் ஊரில் யார்? ஆனால் அந்தச் சொல்லோடு யார் யார் சேர்ந்து நடப்பார்கள் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை.

எனக்கும் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கும்போது கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் அர்த்தம் என்று பக்கம் பக்கமாக எழுதி உருப்போட்டேன். அஃபெக்‌ஷன், ஃபாண்ட்னெஸ், இன்ஃபாச்சுவேஷன், எல்லாம் வரும். ஒன்றையும் ஒரு வாக்கியத்தில் வைக்க வராது. எங்கள் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது தன்னுடைய ஹார்ன்பி அகராதியைப் பழுப்பு அட்டை போட்டு எனக்குக் கொடுத்தார். அதைப் புரட்டியபோதுதான் ஒரு சொல் எந்தச் சொல்லோடு வருகிறது என்பதை அகராதி காட்டும் என்றே தெரிந்தது. ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அவருக்கு வழிகாட்டிய ஹரால்ட் பாமர் 1933-இல் டோக்கியோவிலிருந்து இங்கிலீஷ் சொற்சேர்க்கைகளைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டார். ஹார்ன்பியின் அகராதி அங்கே 1942-இல் அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் உலகத்துக்கு வந்தது. இங்கிலீஷைப் பிறவிமொழியாகக் கொண்டவர்களுக்கு இந்தத் தேவை கண்ணில் படவில்லை. ஜப்பானியப் பிள்ளைகள் தடுமாறியதைப் பார்த்த வாத்தியார்களுக்குப் பட்டது.

‘காலொகேஷன்’ என்ற பெயரை மொழியியலில் நிலைநிறுத்திய ஜே.ஆர். ஃபர்த்தும் நம் பக்கம் இருந்தவர்தான். 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஆர்டன் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணத்தின் 1934-ஆம் வருஷப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு பகுதி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு சொல்லை அறிய அதன் கூட்டாளிகளைப் பார் என்பது அவர் வழி. நான் வகுப்பில் இதை ‘ஜோடி’ என்று சொல்வேன். மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும், நிலா காயும். “நிலா பெய்யுது” என்று ஒரு வெளிநாட்டுக்காரர் சொன்னால் அர்த்தம் புரியும், ஆனாலும் சிரித்துவிடுவோம். காதலுக்கும் அப்படித்தான். தமிழில் காதல் அரும்பும், மலரும், கைகூடும், கசக்கும். காதல் கொள்வோம், காதல் வயப்படுவோம், மனசைப் பறிகொடுப்போம். இங்கிலீஷ்காரர் விழுகிறார். பிரெஞ்சுக்காரரும் விழுகிறார். ஸ்பானிஷில் விழுவது கிடையாது, அதற்கென்று தனியே ஒரு வினைச்சொல் இருக்கிறது. நாமும் இப்போது விழத் தொடங்கிவிட்டோம். 2008-இல் ‘காதலில் விழுந்தேன்’ என்று படமே வந்தது. அது இங்கிலீஷிலிருந்து வந்த வழக்கு என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

விழுவதிலும் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ விழுவது என்று ஒன்று உண்டு. தலைகுப்புற. பாலிடெக்னிக் படித்த ஒரு பையன் எழுந்து கேட்டான்: “தலை எப்பவும் குதிகாலுக்கு மேலதானே இருக்கு மிஸ், இதுல என்ன விசேஷம்?” அவன் கேட்டது நியாயம். பழைய வழக்கு ‘ஹீல்ஸ் ஓவர் ஹெட்’ என்றுதான் இருந்தது, குதிகால் மேலே தலை கீழே. பதினெட்டாம் நூற்றாண்டில் சொற்கள் இடம் மாறிக்கொண்டன, அர்த்தம் மாறவில்லை. ஜோடிகளை ஆராய்ந்து பார்த்துச் சரிசெய்ய முடியாது, அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். ‘டீப்லி இன் லவ்’, ‘மேட்லி இன் லவ்’ வரும். ஹெவி ரெயின், ஹெவி டிராஃபிக் உண்டு. “ஹெவியா லவ் பண்றான்” நம் ஊரில் உண்டு, இங்கிலீஷில் கிடையாது. இதையெல்லாம் ஒரு வாரத்தில் கடந்துவிடலாம்.

கடக்க நாளாகிற இடம் முன்னிடைச்சொற்கள். தமிழில் ‘மேல்’ ஒன்றே போதும். அவன் மேல ஆசை, அவன் மேல பிரியம், அவன் மேல பாசம், கோபம் வந்தாலும் அவன் மேலதான். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு துணை. ‘இன் லவ்’ என்றால் ‘வித்’. லவ் பெயர்ச்சொல்லாக நின்றால் ‘ஃபார்’. ‘ஃபாண்ட்’ என்றால் ‘ஆஃப்’. ‘அட்ராக்டட்’ என்றால் ‘டு’. லவ் வினையாக நின்றால் துணையே வேண்டாம், நேரே ‘ஐ லவ் ஹிம்’. ‘க்ரஷ்’ மட்டும் ‘ஆன்’ கேட்கும். நம் ‘மேல’யும் அதன் ‘ஆன்’ உம் ஒன்றாகப் பொருந்துவதால்தான் “அவ மேல க்ரஷ்” என்று அந்தச் சொல் இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

‘மேரீட் வித்’ என்ற தப்பை ஒழிக்க நான் பட்டபாடு கொஞ்சமில்லை. “அவரோட கல்யாணம்” என்று மனசுக்குள் ஓடும்போது ‘வித்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நூறு தடவை எழுதவைத்துப் பார்த்தேன், மறுநாள் பழையபடி ‘வித்’ வந்து நின்றது. ஒருநாள் மணப்பாறையிலிருந்து வரும் ஓர் அக்கா, வகுப்பிலேயே மூத்தவர், தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “பதினெட்டு வயசுல அவருக்கு வாக்கப்பட்டேன்.” சட்டென்று நிறுத்தினேன். அவருக்கு! ‘டு’ அங்கேயே இருக்கிறது. “அவருக்குக் கட்டிக்கொடுத்தாங்க” என்பதிலும் இருக்கிறது. “அவருக்கு நிச்சயம் பண்ணியிருக்கு” என்றால் ‘எங்கேஜ்டு டு’. அன்றிலிருந்து வகுப்பில் “வாக்கப்பட்டேன்னு நெனச்சுக்கோங்க” என்பேன். ‘டு’ தப்பாமல் வருகிறது. தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு இங்கிலீஷ் கற்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அக்காவின் பேச்சு எனக்குக் கொடுத்ததை எந்தப் பாடப்புத்தகமும் கொடுக்கவில்லை.

2010 நவம்பர் கடைசியில் பிரிட்டன், துணைவர் விசாவில் வருகிறவர்களும் அடிப்படை இங்கிலீஷ் தேர்வு எழுதி வரவேண்டும் என்று விதி போட்டது. அதுவரை என் வகுப்பில் காலேஜ் பையன்கள்தான் பெரும்பாலும். அதன்பிறகு கழுத்தில் மஞ்சள் கயிறு மங்காத பெண்கள் வரத் தொடங்கினார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்களும் உண்டு. தேர்வுக்கு வேண்டியது பேசவும் கேட்கவும் மட்டுமே. ஆனால் தேர்வு முடிந்தபிறகும் வருவார்கள், கையில் ஒரு காகிதத்தோடு. “இதை ஒரு தடவை பாத்துக்குடுங்க, மிஸ்.” உறவு உண்மையானது என்று காட்டும் கடிதம். பிரிட்டனின் விதியில் அதற்கென்று ஒரு ஜோடி இருக்கிறது: ‘ஜெனுயின் அண்ட் சப்சிஸ்டிங்’. பொய்யில்லாததாகவும், இன்னமும் உயிரோடு நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். சட்டத்துக்காக எழுதிய சொற்கள்தான், ஆனால் பிரிந்திருக்கும் கணவன் மனைவியைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றும்.

அப்படி வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் திக்கென்றது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட இளைஞர் எழுதியது. ‘வி ஹேட் அன் அஃபேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்.’ நான்கு வருஷம் காதலித்தோம் என்று சொல்ல வந்திருக்கிறார். நம் பேச்சில் ‘லவ் அஃபேர்’ என்றால் காதல் விவகாரம், அவ்வளவுதான். இங்கிலீஷில் ‘ஹேவ் அன் அஃபேர்’ என்றால் பெரும்பாலும் கள்ள உறவு, இருவரில் ஒருவருக்காவது வேறு துணை இருக்கிறது என்று பொருள்படும். அடுத்த பத்தியில் அந்தப் பெண்ணை ‘மை லவ்வர்’ என்று எழுதியிருந்தார். நமக்கு லவ்வர் என்றால் காதலி. அங்கே அந்தச் சொல்லில் படுக்கையறை வாசம் அடிக்கும். விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு இந்த மனிதரைத் தெரியாது, அவர் நான்கு வருஷம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்ததும் தெரியாது. காகிதத்தில் உள்ள ஜோடிதான் தெரியும். ‘வி வேர் டுகெதர் ஃபார் ஃபோர் இயர்ஸ் பிஃபோர் வி காட் மேரீட்’ என்று மாற்றினோம். ‘லவ்வர்’ போய் ‘வைஃப்’ வந்தது. மனைவிதானே, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்தது ‘ப்ரபோஸ்’. என்னிடம் படித்து இங்கிலாந்துக்குப் போன நர்ஸ் ஒருத்தி இரவில் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. டீ இடைவேளையில் கூட வேலை செய்கிறவர்களிடம் ‘எ பாய் ப்ரபோஸ்டு மீ’ என்று சொல்லியிருக்கிறாள். கத்திக் கட்டிப்பிடித்திருக்கிறார்கள். மோதிரத்தைக் காட்டு என்றிருக்கிறார்கள். மறுநாள் வேலைக்குப் போனால் மேசைமேல் பூங்கொத்து, எல்லாரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை. நடந்தது இதுதான்: தெரிந்த பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ‘ஐ லவ் யூ’ என்று அனுப்பியிருக்கிறான், இவள் இன்னும் பதில்கூடப் போடவில்லை. அந்தப் பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அழுதாள்.

‘ப்ரபோஸ்’ என்றால் அங்கே கல்யாணத்துக்குக் கேட்பது, ‘ப்ரபோஸ் டு’ என்று வரும். இதைச் சொல்லிவிடுவது சுலபம். “அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும், மிஸ்?” என்று அவள் கேட்டதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. ‘ஹி ஆஸ்க்ட் மீ அவுட்’ என்றால் வெளியே போகலாமா என்று கேட்டான் என்றாகும், அவன் அப்படிக் கேட்கவில்லை. வெகுநேரம் யோசித்தபிறகு பிடிபட்டது. காரியங்களின் வரிசையே வேறு. அங்கே முதலில் ஒருவரை வெளியே அழைப்பார்கள், ‘கோ அவுட்’ ஆவார்கள், ‘சீயிங் ஈச் அதர்’ ஆவார்கள், மாதங்கள் கழித்து ‘ஐ லவ் யூ’ வரும், அதற்கும் பிறகு ‘ப்ரபோஸ்’. நம் தெருவில் ‘ஐ லவ் யூ’தான் முதல் படி. பழகிப்பார்க்க வழியில்லாத ஊரில் சொல்லிவிட்டுத்தான் பழக முடியும். அந்த முதல் படிக்கு ஒரு வினைச்சொல் தேவைப்பட்டது, ‘ப்ரபோஸ்’ஸை எடுத்துக்கொண்டோம். அவளுக்கு ‘ஹி டோல்ட் மீ ஹி ஹேட் ஃபீலிங்ஸ் ஃபார் மீ’ என்று ஒன்று சொல்லித்தந்தேன். மறுநாள் விளக்கிச் சொன்னாளாம். பூவை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

இந்த மாதிரிச் சொற்களை ‘தப்பு இங்கிலீஷ்’ என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. ‘ப்ரபோஸ்’, ‘லவ்வர்’, ‘லவ் ஃபெயிலியர்’ எல்லாம் இன்று தமிழ்ச்சொற்கள். ‘லவ் ஃபெயிலியர்’ தெலுங்கிலும் வழங்குகிறது. ‘காதலில் சொதப்புவது எப்படி’ 2012-இல் வந்தபோது தெலுங்கில் அதன் பெயரே ‘லவ் ஃபெயிலியர்’தான். இங்கிலீஷ்காரருக்குக் காதல் பரீட்சை மாதிரி ஃபெயில் ஆகாது, ‘பிரேக் அப்’ ஆகும், மனசு உடையும், பிறகு ‘கெட் ஓவர்’ ஆக வேண்டும். ‘ஒன் சைடு லவ்’ என்பதற்கு அங்கே ‘அன்ரிக்வைட்டட் லவ்’ என்று பெயர், ஈடு திரும்பி வராத அன்பு. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று தொல்காப்பியத்திலேயே பெயர் இருக்கிற மொழி நம்முடையது. இந்தச் சங்கதியில் நாம் யாரிடமும் கூச வேண்டியதில்லை.

கூச்சம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எம்.ஏ.வில் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ பாடம். வண்டிக்குள் எல்டன் என்ற பாதிரியார் எம்மாவிடம் ‘மேக் லவ்’ செய்கிறார் என்று வரும். பாடம் நடத்தியவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். முன்வரிசையில் ஆறு பெண்கள், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். ஓடும் வண்டிக்குள் ஒரு பாதிரியார் இப்படியா என்று எத்தனையோ வருஷம் குழம்பியிருக்கிறேன். அந்த நாவல் வந்த 1815-இல் ‘மேக் லவ்’ என்றால் இனிக்க இனிக்கப் பேசிக் காதலைத் தெரிவிப்பது. உடலுறவு என்ற பொருள் அதில் வந்து ஏறியது இருபதாம் நூற்றாண்டில். இதை ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அதனால் என் வகுப்பில் எந்தப் பக்கத்தையும் நான் புரட்டிவிட்டுப் போவதில்லை. பெண்கள் கேட்டால் பதில் சொல்கிறேன். இந்த ஜோடியை இன்று எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று சேர்த்தே சொல்கிறேன்.

லால்குடிப் பெண்ணுக்கு வருகிறேன். “விழலன்னா, அப்ப என்ன ஆச்சு?” என்று கேட்டேன். கொஞ்சநேரம் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்தப்ப ஒண்ணும் இல்ல, மிஸ். நல்லவராத் தெரிஞ்சார், அவ்ளோதான். அவர் போனப்பறம் தெனம் போன் வரும். சாப்பிட்டியா, தூங்கினியா, அதான் பேச்சு. அப்பாக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்கி ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டால நான் மட்டும் உக்காந்திருந்தேன். போன் பண்ணார். எனக்குப் பேச்சு வரல. அவரும் பேசல. ஆனா கட் பண்ணல. அப்படியே லைன்லயே இருந்தார். இங்க மணி ஒண்ணரை. அங்க விடிஞ்சு ஆறு ஆயிருக்கும். வேலைக்குக் கெளம்புற சத்தம் கேக்குது, பாத்திரம் உருளுது, வண்டி ஸ்டார்ட் ஆகுது. போன் மட்டும் அப்படியே இருக்கு.” நிறுத்தினாள். “அன்னிக்கித் தெரிஞ்சுது, பிடிச்சுப்போச்சுன்னு.”

பிடிச்சுப்போச்சு. நாம் யாரும் அதற்கு முயற்சி செய்வதில்லை, அது தன்போக்கில் நடந்து முடிந்திருக்கும், நமக்குப் பிற்பாடுதான் தெரியவரும். ‘ஐ லைக்ட் ஹிம்’ என்று எழுதினால் தட்டையாகிவிடும். ‘ஃபெல்’லில் ஒரு நொடி வேகம் இருக்கிறது, இவளுடைய கதையில் பதினான்கு மாதம் இருக்கிறது. அலமாரியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியை எடுத்தேன். 2002-இல் அது வெளிவந்த கொஞ்சநாளிலேயே சென்னையிலிருந்து வரவழைத்தது, ‘லவ்’ இருக்கும் பக்கத்தின் ஓரம் மடங்கிக் கிழிந்திருக்கிறது. அங்கே தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் பழுப்பு அட்டை போட்ட பழைய ஹார்ன்பியில் ‘க்ரோ’வின் பக்கத்தைப் புரட்டும்போது தோன்றியது: ‘ஐ க்ரூ டு லவ் ஹிம்.’ அன்பு நாளாக நாளாக என்னுள் வளர்ந்தது என்று தமிழில் சொன்னேன்.

“ஆமா, மிஸ். அது சரி. அப்படித்தான்.”

அதற்குக் கீழே அந்த வராண்டா இரவை அவள் சொன்ன மாதிரியே எழுதினோம். பாத்திரம் உருண்ட சத்தத்தையும் விடவில்லை. ‘ஹி ஸ்டேட் ஆன் தி லைன்.’ ஐந்தே சொற்கள். அவளே தன் கையால் எழுதினாள்.

அதன்பிறகு கடிதம் எழுத வருகிறவர்களிடம் ஒன்று கேட்கத் தொடங்கினேன். உங்களிடமும் கேட்கிறேன். விசாவுக்கோ வேறு எதற்கோ உங்கள் உறவைப் பற்றி இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்தால், இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். முதலில் ஒரு பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதில் ‘லவ்’ வேண்டாம், ‘காதல்’கூட வேண்டாம். எந்த நாள், எந்த இடம், அவர் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு ஏற்ற ஜோடியை உட்கார்ந்து தேடிக்கொள்ளலாம்.